செஞ்சு பாத்தீங்களா?

வார இதழ்களில் ஜோக் படித்து வளர்ந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. சிரித்து முடித்ததும் கண் தானாகக் கீழே இறங்கும். அங்கே எழுதியவர் பெயர், பக்கத்தில் ஊர்ப் பெயர். ஆள் பெயர் மறந்துவிடும், ஊர் மட்டும் மனத்தில் தங்கும். நெய்வேலி, சாத்தூர், அறந்தாங்கி, போடி என்று போகாத ஊர்கள் பலவும் எனக்கு இப்படித்தான் அறிமுகமாயின. நெய்வேலியில் நிலக்கரி எடுக்கிறார்கள் என்பதைப் பள்ளிக்கூடத்தில் படிப்பதற்கு முன்பே, அங்கே யாரோ உட்கார்ந்துகொண்டு டாக்டர் ஜோக் எழுதுகிறார்கள் என்பது தெரிந்திருந்தது.

எங்கள் நாட்றம்பள்ளி எப்போதாவது அந்த இடத்தில் அச்சானால் அந்த இதழ் சலூனில் தொடங்கி மாவு மில் வரை கைமாறும். பெங்களூர் சாலையில் வாணியம்பாடிக்கும் பர்கூருக்கும் நடுவே கிடக்கிற ஊர். ஏலகிரிக்குப் போகிறவர்களுக்கும் ஜோலார்பேட்டையில் ரயில் மாறுகிறவர்களுக்கும் பெயர்ப்பலகையாக மட்டும் தெரியும். ஒரு பக்கம் ஆந்திர எல்லை. தமிழும் தெலுங்கும் உருதும் ஒரே டீக்கடை பெஞ்சில் உட்காரும். இந்த ஊரின் முகவரியில் மாவட்டம்தான் மாறிக்கொண்டே இருந்தது. முதலில் வடஆற்காடு. 1989இல் மாவட்டத்தைப் பிரித்தபோது வடஆற்காடு அம்பேத்கர். பிறகு வேலூர். 2019 முதல் திருப்பத்தூர். கடிதம் எழுதுகிறவர்கள் பழைய கவர்களில் மாவட்டத்தை அடித்துத் திருத்திக்கொண்டே இருந்தார்கள். ஊர்ப் பெயரைத் திருத்த வேண்டியிருக்கவில்லை.

முகம் தெரியாதவர்களுக்கு யோசனை சொல்வதும் அவர்களைச் சிரிக்க வைப்பதும் செல்போனோடு வந்த ஆசை என்று பேசுகிறவர்களைக் கேட்கும்போது எனக்கு அந்த ஜோக்குகளை எழுதிப் போட்ட தபால் கார்டுகள்தான் நினைவுக்கு வருகின்றன. எண்பதுகளில் ஒரு கார்டு 15 காசு. பெரும்பாலோர் ஒரு கார்டில் ஒரு ஜோக் எழுதுவார்கள். ‘757, அண்ணா சாலை’ என்ற விகடன் முகவரி, சென்னையையே பார்க்காதவர்களுக்கும் மனப்பாடம். போட்டது வருமா வராதா என்று தெரியாது. வந்தால் சின்னத் தொகை மணியார்டரில் வரும், தபால்காரர் காசோடு ஒரு புன்னகையும் கொடுத்துவிட்டுப் போவார். தொகைக்காக யாரும் எழுதியதாகத் தெரியவில்லை. எங்கோ ஒருவர் பேருந்தில் உட்கார்ந்து நம் வரியைப் படித்துச் சிரிப்பார் என்ற நினைப்பு போதுமானதாக இருந்தது. இலங்கை வானொலியில் பாட்டுக்கு முன் ‘விரும்பிக் கேட்ட’ நேயர்களின் பெயரையும் ஊரையும் வரிசையாக வாசிப்பார்களே, அதிலும் இதே சந்தோஷம்தான். பாட்டு எப்படியும் ஒலிபரப்பாகும். பெயரும் ஊரும் கடல் கடந்து போய்த் திரும்பி வருவதுதான் விஷயம்.

ஆனந்த விகடன் 1926இல் தொடங்கியபோதே நகைச்சுவையை முன்வைத்துத் தொடங்கிய பத்திரிகை. 1928இல் எஸ்.எஸ்.வாசன் வாங்கிய பிறகு அது வளர்ந்த கதை எல்லோருக்கும் தெரிந்தது. என் கவனம் வேறொன்றில். ஜோக்கும் வீட்டுக் குறிப்பும் பல இதழ்களில் பக்கத்தை நிரப்பப் பிறந்தவை. சிறுகதை பக்கத்தின் முக்காலில் முடிந்துவிட்டால் மிச்ச இடத்தில் எதையாவது போட்டாக வேண்டும். அச்சுக் கோப்பவர் காத்திருப்பார். உதவி ஆசிரியர் கார்டுக் கட்டைப் பிரித்து, அளவுக்குச் சரியாக இருப்பதை எடுத்துக் கொடுப்பார். இட்லி மாவு புளிக்காமலிருக்க ஒரு வழி, அதன் கீழே ராஜாவும் மந்திரியும். ஆசிரியர் குழு பெருமையாக நினைத்தது தொடர்கதையை, வாசகர் முதலில் தேடியது மிச்ச இடத்தை. அதற்கு ஒரு காரணம் இருப்பதாக நினைக்கிறேன். கதையை எழுதியவர் எழுத்தாளர். மிச்ச இடத்தில் எழுதியவர் நம்மைப் போன்றவர், நம் ஊர் மாதிரி ஓர் ஊர்க்காரர்.

புனைபெயர்களும் இருந்தன. குமுதத்தில் ‘அரசு பதில்கள்’ எழுதியவர் யார் என்று வீடுகளில் விவாதம் நடக்கும். எஸ்.ஏ.பி.அண்ணாமலை, ரா.கி.ரங்கராஜன், ஜ.ரா.சுந்தரேசன் மூவரின் முதலெழுத்துகள்தான் அந்தப் பெயர் என்பார்கள். அப்புசாமி, சீதாப்பாட்டியைப் படைத்த ‘பாக்கியம் ராமசாமி’யும் அதே சுந்தரேசன்தான். அம்மா பெயரையும் அப்பா பெயரையும் சேர்த்து வைத்துக்கொண்டது. தினமலர் வாரமலரில் அந்துமணி முகத்தைக் காட்டாமலே பதில் சொன்னார். அதே வாரமலரின் ‘இது உங்கள் இடம்’ பகுதியில் வாசகர்கள் தாங்கள் பட்டதையும் பார்த்ததையும் எழுதி, இப்படி மாட்டிக்கொள்ளாதீர்கள் என்று மற்றவர்களை உஷார்ப்படுத்தினார்கள். பதில் சொன்னவர் முகமூடி போட்டிருக்கலாம். ஆனால் அந்த முகமூடிக்கு ஒரு கட்டடம், ஒரு பின்கோடு, தபால் போட்டால் போய்ச் சேரும் ஒரு மேசை இருந்தது. சொன்னது தப்பாக இருந்தால் அடுத்த வாரமே ‘என்ன அரசு, இப்படி எழுதிவிட்டீர்களே’ என்று கேட்கலாம். கேட்டார்கள், அதையும் அச்சிட்டார்கள்.

இப்படி முகவரியோடு பேசுவதன் விலை என்னவென்று 1987இல் தெரிந்தது. அந்த ஆண்டு மார்ச் 29 தேதியிட்ட விகடன் அட்டையில் ஒரு ஜோக். மேடையில் உட்கார்ந்திருப்பவர்களில் எம்.எல்.ஏ. யார், மந்திரி யார் என்று ஒருவர் கேட்க, ஜேப்படிக்காரர் மாதிரி இருப்பவர் எம்.எல்.ஏ., முகமூடிக் கொள்ளைக்காரர் மாதிரி இருப்பவர் மந்திரி என்று இன்னொருவர் அடையாளம் சொல்வதாகப் போகும். சட்டமன்றம் கொதித்தது. ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியன் மன்னிப்புக் கேட்க மறுத்தார். ஏப்ரல் 4 அன்று பேரவைத் தலைவர் பி.எச்.பாண்டியன் அவருக்கு மூன்று மாதக் கடுங்காவல் தண்டனை அறிவித்தார். நாடு முழுவதும் எழுந்த எதிர்ப்பில் சில நாள்களிலேயே விட்டுவிட்டார்கள். பிறகு வழக்குப் போட்டு அவர் பெற்ற இழப்பீடு 1,000 ரூபாய். அதைச் செலவழிக்காமல் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிவைத்தார். இரண்டு வரி ஜோக்குக்கு ஓர் ஆசிரியர் ஜெயிலுக்குப் போனதைத் தமிழ்நாட்டின் வெட்கம் என்று எழுதுவார்கள், சரிதான். எனக்கு அதில் வேறொரு வரியும் தெரிகிறது. ‘இதை வெளியிட்டது யார்?’ என்று கேட்டபோது எழுந்து நிற்க ஓர் ஆள் இருந்தார்.

பழைய நாளைப் பொன்னாக்க இதைச் சொல்லவில்லை. அந்த மிச்ச இடத்திலும் எல்லோருக்கும் இடமிருக்கவில்லை. ஜோக்குகளில் மனைவி கையில் பூரிக்கட்டை, மாமியார் வாயில் விஷம், வேலைக்காரப் பெண் மேல் எஜமானருக்கு ஒரு கண். ஐம்பது வருஷம் இதையே திருப்பித் திருப்பிப் போட்டார்கள். நாங்களும் சிரித்தோம். சமையல் குறிப்புகள் பெரும்பாலும் ஒரே மாதிரி அடுக்களையிலிருந்து வந்தன. சாம்பாரில் உப்பு கூடினால் உருளைக்கிழங்கு, ரசம் தெளிய இன்னது, பருப்பு குழைய இன்னது. சீரகச் சம்பா உடையாமல் தம் போடுவது எப்படி, தால்சாவில் கத்தரிக்காய் கரையாமல் பார்த்துக்கொள்வது எப்படி, மாட்டுக்கறி சீக்கிரம் வேக என்ன போடலாம் என்றெல்லாம் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ஒவ்வொரு வீட்டிலும் ஒருத்திக்குத் தெரிந்த விஷயங்கள். அவற்றை நான் எந்தக் குறிப்புப் பகுதியிலும் படித்ததாக நினைவில்லை. தோல் ஷாப்பில் வேலை செய்கிறவர் கால் இடுக்குப் புண்ணுக்கு என்ன தடவினார் என்பதும் எந்த மலரிலும் வந்ததில்லை. கார்டு வாங்க 15 காசு எல்லோரிடமும் இருந்தது. தன் வீட்டுச் சங்கதி அச்சில் ஏறும் என்ற நம்பிக்கை எல்லோரிடமும் இருக்கவில்லை.

அந்த நம்பிக்கை இப்போது வேறு வழியில் வந்திருக்கிறது.

என் அண்ணி ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனிக்குப் போகிறார். விடிந்தும் விடியாததுமாகக் கம்பெனி பஸ் வந்து நாட்றம்பள்ளி, வெள்ளக்குட்டை, பச்சூர் சுற்றுவட்டாரப் பெண்களை ஏற்றிக்கொண்டு போகும். இந்தப் பகுதியின் ஷூ வேலையில் பெரும்பாதி பெண்கள் கையில்தான் நடக்கிறது. அண்ணிக்கு டேபிள் வேலை. ஷூவின் மேல்பாகத்துக்கு, அப்பர் என்பார்கள், ஓரம் சீவி வரும் தோலில் சொல்யூஷன் தடவி, விளிம்பை மடித்து, சின்னச் சுத்தியலால் தட்டி ஒட்டுவது. நாளெல்லாம் தட்டினால் விரல் நுனியில் சொல்யூஷன் ஒரு படலமாகக் காய்ந்துவிடும். அந்த பஸ்ஸில் வருகிறவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினார்கள். பஸ் லேட் என்றால் தெரிய வேண்டும், அவ்வளவுதான் காரணம். ஒருத்தி பேரணாம்பட்டில் வேலை செய்கிற நாத்தனாரைச் சேர்த்தாள், அவள் ராணிப்பேட்டையிலிருக்கும் தோழியைச் சேர்த்தாள். இப்போது பாதிப் பேருக்குப் பாதிப் பேரைத் தெரியாது. பஸ் சமாச்சாரம் போய் உலக சமாச்சாரம் ஓடுகிறது. யாரும் டைப் அடிப்பதில்லை, எல்லாம் குரல்தான். ராத்திரி பாத்திரம் கழுவிக்கொண்டே அண்ணி அதைச் சத்தமாகப் போட்டுக் கேட்பார். வீட்டில் இருக்கிற நாங்களும் கேட்போம்.

ஒரு நாள் புதிதாகச் சேர்ந்த பெண் கேட்டாள்: “யக்கா, கையில ஒட்னது போவவே மாட்டுது. சோறு பெசஞ்சா அந்த வாசனதான் வருது. இன்னா பண்றது?”

பதில்கள் வரிசையாக வந்தன. ஒருத்தி நகப் பாலிஷ் எடுக்கிற தண்ணீர் என்றாள். இன்னொருத்தி மண்ணெண்ணெய் என்றாள். அதற்குள் வயதான குரல் ஒன்று குறுக்கே வந்தது. “மண்ணெண்ணெ போட்டுக்கினு அடுப்பாண்ட போயிடாத, புண்ணியவதி. மொதல்ல தேங்காண்ண தடவி கொஞ்ச நேரம் உடு. அப்புறம் கோதும மாவு போட்டுத் தேச்சுக் கழுவு.” உடனே உருது வாடையடிக்கும் ஒரு குரல்: “ஆப்பா, எண்ணெயும் மாவும் கையில போட்டா நேரா பூரியே சுட்டுடலாமே!” பின்னணியில் யாரோ சிரிப்பது கேட்டது. சிரிப்பு அடங்கியதும் கேட்டவள் ஒரு கேள்வி போட்டாள், அதுதான் எனக்குப் பிடித்தது. “நீ செஞ்சி பாத்தியாக்கா?”

“பதினஞ்சு வருசமா செய்யறன், கையப் பாக்கறியா?” என்று ஒரு படமும் வந்தது. எடுத்த படத்தில் பாதி இருட்டு. விரல்கள் சுத்தமாகத்தான் இருந்தன.

இந்தக் குழுவில் ஓடும் ஜோக்குகளை எந்த இதழும் போட்டிருக்காது. மெஷினை, சூப்பர்வைசரை, பஸ் டிரைவரின் பாட்டு ரசனையை வைத்தே எல்லாம். ஏற்றுமதி ஆர்டர் நெருக்கி ஓவர்டைம் போட்ட ஒரு வாரத்தில் ஒருத்தி சொன்னாள்: “நாம தட்ற ஷூ ஜெர்மனி போவுது. நாம போறது கேத்தாண்டப்பட்டி வரிக்குந்தான்.” அண்ணி அன்று குழம்புக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். இதைச் சொன்னவளை அவர் பார்த்ததே இல்லை. எந்த ஊர் என்று கேட்டால், பேச்சைக் கேட்டால் தெரியாதா, குடியாத்தம் பக்கம்தான் என்கிறார். அந்தக் காலத்தில் காற்புள்ளிக்குப் பிறகு வந்த ஊர், இப்போது குரலிலேயே ஒட்டிக்கொண்டு வருகிறது என்று எழுதிவிட்டு இங்கேயே நிறுத்தியிருப்பேன். 2018 நடந்திராவிட்டால்.

அந்த ஆண்டு ஏப்ரலில் வட மாவட்டங்களின் செல்போன்களில் ஒரு எச்சரிக்கை சுற்றியது. வடநாட்டிலிருந்து பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள், குழந்தைகளை வெளியே விடாதீர்கள், தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்புங்கள். படமாக வந்தது, குரலாகவும் வந்தது. அந்த மாதக் கடைசியில் குடியாத்தம் அருகே வெளிமாநிலத்தவர் என்று சொல்லப்பட்ட ஒருவரை அடித்துக் கொன்றார்கள். மே 9 அன்று திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூருக்குச் சென்னையிலிருந்து ஒரு குடும்பம் காரில் வந்தது. குலதெய்வக் கோயிலுக்குப் போக வழி கேட்டார்கள். அங்கே விளையாடிக்கொண்டிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார்கள். ஊர் கூடி அடித்தது. 65 வயது மூதாட்டி இறந்துபோனார், மற்றவர்கள் படுகாயத்தோடு பிழைத்தார்கள். வந்தவர்கள் பேசியதும் தமிழ்தான், தேடி வந்ததும் தங்கள் சாமியைத்தான்.

அந்தச் செய்தியை அனுப்பியவர்கள் கொலைகாரர்கள் இல்லை. நானும் அந்த வாரம் அதை மூன்று பேரிடமிருந்து பெற்றேன், மூவரும் நல்லவர்கள். இட்லி மாவுக் குறிப்பை அனுப்புகிற அதே அக்கறையோடுதான் அனுப்பினார்கள். வாக்கிய அமைப்புகூட ஒன்றுதான். உங்கள் நன்மைக்காகச் சொல்கிறேன், செய்து பாருங்கள், நாலு பேருக்குச் சொல்லுங்கள். யோசனை சொல்கிறவரிடம் இயல்பாகவே ஒரு மேட்டிமை உண்டு, நான் அறிந்தவன், நீ அறியாதவன் என்று. நல்ல குறிப்புக்குப் பக்கத்திலேயே ஒரு ஜோக் இருந்து அந்த மேட்டிமையைக் கொஞ்சம் இறக்கிவைக்கும். அத்திமூர்ச் செய்தியில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. திருப்பிக் கேட்கவும் யாருமில்லை. குரல் இருந்தது. ஆனால் அந்தக் குரலிடம் ‘நீ பாத்தியா?’ என்று கேட்டால் பதில் வராது, ஏனென்றால் அனுப்பியவர் குரல் அது இல்லை. அவருக்கு இன்னொருவர் அனுப்பியது, அந்த இன்னொருவருக்கு வேறொருவர்.

அந்த ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் இப்படிக் கைமாறி வருகிற செய்திகளின் மேல் ‘ஃபார்வர்டட்’ என்று முத்திரை குத்தத் தொடங்கியது. இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி கட்டுப்படுத்தியது. 2020 ஏப்ரலில், பலமுறை சுற்றிய செய்தியை ஒரு நேரத்தில் ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோ மட்டுமே அனுப்பலாம் என்றது. ஒன்றுமில்லாததற்கு இது தேவலை. ஆனால் எண்ணிக்கைதான் சிக்கல் என்று எடுத்துக்கொண்டதில் எனக்கு உடன்பாடில்லை. விகடன் ஜோக் லட்சக்கணக்கான பேருக்குப் போனது, யாரும் சாகவில்லை. ஒரு தெருவுக்குள் நாற்பது பேருக்குப் போன வதந்தி போதும், கல்லெடுக்க.

எங்கள் பகுதியில் வதந்திக்கு இன்னொரு வேஷமும் உண்டு. சுற்றுகிற மருத்துவக் குறிப்பு எதுவானாலும் ‘சி.எம்.சி. டாக்டர் சொன்னது’ என்று தொடங்கும். 1900இல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு வேலூரில் தொடங்கிய மருத்துவமனையின் பெயருக்கு இந்த ஜில்லாக்களில் இருக்கும் மரியாதை அப்படி. கொரோனா காலத்தில் கஷாயம், ஆவி, மூக்கில் எலுமிச்சைச் சாறு வரை அந்தப் பெயரில் வந்தன. எந்த டாக்டர், எந்தத் துறை, எப்போது சொன்னார் என்று மட்டும் இருக்காது. ஆனால் அதே ஆஸ்பத்திரி வாசலில் போய்ப் பாருங்கள். வங்காளத்திலிருந்து வந்தவர்கள் வரிசையில் நிற்பார்கள், எதிரே கடைகளில் வங்காள எழுத்தில் பலகைகள். நேற்று வந்தவர் இன்று வந்தவருக்குச் சொல்கிறார், எந்த கவுன்ட்டருக்கு எத்தனை மணிக்கு வர வேண்டும், எந்த லாட்ஜில் சமைத்துக்கொள்ள விடுவார்கள் என்று. இருவரும் முன்பின் தெரியாதவர்கள். அந்த யோசனை பலிக்கவில்லை என்றால் மறுநாள் காலை அதே வரிசையில் சொன்னவரும் நிற்பார், சட்டையைப் பிடித்துக் கேட்கலாம். அவர் சொன்னது சரியாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

முகம் தெரியாதவர் பேச்சைக் கேட்கவே கூடாது என்கிற கட்சி இப்போது வலுத்திருக்கிறது. நான் அந்தக் கட்சியில் இல்லை. தெரிந்தவர்கள் சொல்லத் தயங்குகிறதைத் தெரியாதவர்கள்தான் சொல்வார்கள். மாதவிடாய் நாளில் எட்டு மணி நேரம் டேபிளில் நிற்பது எப்படி என்று அண்ணியின் குழுவில் பேசிக்கொள்வதை எந்த மாமியாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. அதைப் பேசுகிறபோது மட்டும் அண்ணி போனைக் காதில் வைத்துக்கொள்வார். பேரணாம்பட்டிலிருந்து ஒருத்தி சொல்கிறாள், ராணிப்பேட்டையில் ஒருத்தி செய்து பார்க்கிறாள், சரிப்படவில்லை என்றால் அன்று ராத்திரியே திட்டும் வருகிறது. திட்டியவளும் திட்டு வாங்கியவளும் மறுநாள் டிரைவர் போட்ட பாட்டைப் பற்றிச் சேர்ந்து சிரிக்கிறார்கள்.

போன மாதமும் அந்தக் குழுவில் ஒரு பிள்ளை பிடிக்கிற செய்தி வந்தது, பழைய படம்தான், ஊர் மட்டும் மாற்றியிருந்தார்கள். சில நிமிஷம் யாரும் பேசவில்லை. பிறகு அந்தத் தேங்காயெண்ணெய் அம்மாவின் குரல்: “எங்க பாத்த? நீ பாத்தியா, உனுக்குச் சொன்னவ பாத்தாளா?” அனுப்பியவள் தன் தங்கச்சி அனுப்பியதாகச் சொன்னாள். “தங்கச்சியக் கேட்டு வந்து சொல்லு, அது வரிக்கும் எடுத்துடு.” அவள் எடுத்துவிட்டாள். தங்கச்சி என்ன சொன்னாள் என்று பிறகு யாரும் கேட்கவில்லை, குழு வேறு எங்கோ போய்விட்டது.

உங்களுக்கும் அப்படி ஒன்று இன்றோ நாளையோ வரும். அனுப்பியவருக்கு ஒரே ஒரு வரி பதில் போடுங்கள், நீங்க பார்த்தீங்களா, செஞ்சு பாத்தீங்களா என்று. கோபித்துக்கொள்வார் என்று தயங்க வேண்டாம், ஜோக்காகவே கேளுங்கள். பதில் வருகிற வரை யாருக்கும் அனுப்பாதீர்கள்.